ஒண்டுக்குடித்தனத்துப் பிள்ளைகளின் டாக்டரம்மா

மும்பையில் சாலில் குடியிருந்தவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பி.டி.டி. சாலில் ஓர் அறை 160 சதுர அடி. அதற்குள் ஏழெட்டுப் பேர். இரவு ஷிப்டு முடிந்து வந்த அப்பா சுவரோரம் தூங்குகிறார். அம்மா ஸ்டவ்வைப் பற்ற வைத்திருக்கிறாள். பாட்டிக்கு இருமல். நாலு வயதுப் பையன் எங்கே போவான்? எதைத் தொட்டாலும் அதட்டல், எங்கே நின்றாலும் யார் காலாவது இடறுகிறது. வெளியே போய் விளையாடு என்று விரட்டுவார்கள். வெளியே என்றால் பொது நடையும் படிக்கட்டும்தான். அங்கே போய்ச் சுவரில் கரியால் கோடு போடுகிறான், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு ஓடுகிறான். மாலையில் புகார் வருகிறது. முதுகில் அடி விழுகிறது. அடங்காப்பிடாரி என்று பெயரும் வந்து விடுகிறது.

நூற்றுப் பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ரோமாபுரியிலும் இதே கதைதான் நடந்தது. அங்கே சுவரைக் கெடுத்த பிள்ளைகள் ஐம்பது அறுபது பேர். அவர்களைச் சமாளிக்க வழி தேடிய கட்டட முதலாளிகள் ஒரு பெண் டாக்டரை அழைத்தார்கள். உலகம் முழுவதும் குழந்தைப் பள்ளிகளின் பெயர்ப்பலகையில் இன்று தொங்கும் பெயர் அந்த அம்மையாருடையதுதான்: மரியா மாண்டிசோரி.

அவர் பிறந்தது இத்தாலியில் ஆங்கோனாவை அடுத்த கியாரவாலே என்ற சிற்றூரில், 1870 ஆகஸ்டு 31-ந்தேதி. தந்தை அலெசாண்ட்ரோ அரசாங்க நிதி இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். பழைய வழக்கங்களை விடாதவர். தாய் ரெனில்டே நிறையப் படிப்பவர். ஒரே மகள். அவளுக்கு ஐந்து வயதானபோது குடும்பம் ரோமாபுரிக்கு மாறியது.

அந்தக் காலத்தில் படித்த பெண் என்றால் பள்ளி ஆசிரியை ஆவாள், அதோடு சரி. மரியா பதின்மூன்றாவது வயதில் பையன்கள் படிக்கும் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். பிறகு மருத்துவம் படிக்கப் போகிறேன் என்றார். தந்தைக்கு இஷ்டமில்லை, தாய் துணை நின்றார். ஆண் மாணவர்களோடு சேர்ந்து ஒரு பெண் பிணத்தை அறுத்துப் பார்க்கக் கூடாது என்று விதி இருந்ததால், எல்லோரும் போன பிறகு மாலை வேளையில் பிணவறையில் தன்னந்தனியாக நின்று அந்தப் பாடத்தைப் படித்தார். 1896-ல் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதல் பெண் டாக்டர்களில் ஒருவர் அவர்.

கை தேடியது என்ன?

ரோமாபுரி மனநோய் மருத்துவமனையில் வேலை பார்த்தார். நோயாளிகளைத் தேர்ந்தெடுப்பதற்காகப் பைத்தியக்கார விடுதிகளுக்குப் போய் வருவார். அங்கே மூளை வளர்ச்சி குன்றிய குழந்தைகளையும் பெரியவர்களோடு ஒரே கூட்டமாக அடைத்து வைத்திருந்தார்கள். வெறும் அறை, விளையாட ஒரு சாமான் கிடையாது. சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகள் தரையில் தவழ்ந்து சிதறிய ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குவார்கள். காவல்காரிக்கு அது வெறும் பெருந்தீனியாகத் தெரிந்தது. டாக்டருக்கு வேறு விதமாகத் தெரிந்தது. அந்த அறையில் கையால் எடுத்து உருட்டிப் பார்ப்பதற்கு ரொட்டித் துணுக்கைத் தவிர வேறு எதுவுமே இல்லை. பசி வயிற்றில் இல்லை, கையில் இருந்தது.

இந்த ஒரு கவனிப்பிலிருந்துதான் பின்னால் வந்த எல்லாமே கிளைத்தது என்று சொல்லலாம். இத்தார், செகென் என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் இப்படிப்பட்ட குழந்தைகளுக்காக எழுதிய பழைய நூல்களைத் தேடிப் படித்தார். மரத்துண்டு, மணி, தொட்டுப் பார்க்கும் எழுத்து என்று சாமான்கள் செய்து கொடுத்தார். உருப்படாது என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்று, மற்றப் பிள்ளைகளுக்கு வைக்கும் பரீட்சையிலேயே தேறினார்கள். ஊரார் பாராட்டினார்கள். அம்மையாரோ வேறொன்றை எண்ணிக் கலங்கினார்: குறையுள்ள பிள்ளையே இவ்வளவு தேறினால், குறையில்லாத பிள்ளைகளைப் பள்ளிக்கூடங்கள் எந்த நிலைக்குத் தாழ்த்தி வைத்திருக்கின்றன?

இந்தக் கட்டத்தில் அவர் சொந்த வாழ்க்கையில் ஒரு துயரம். உடன் வேலை பார்த்த டாக்டர் மான்டசானோவுடன் காதல். 1898-ல் மகன் மரியோ பிறந்தான். திருமணம் நடக்கவில்லை. விஷயம் வெளியே தெரிந்தால் வேலையும் பெயரும் போய்விடும் என்பதால் குழந்தையைக் கிராமத்தில் ஒரு குடும்பத்திடம் வளர்க்கக் கொடுத்தார்கள். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் தாயான அம்மையார் தம் பிள்ளையை எப்போதாவது போய்ப் பார்த்து வந்தார், தாய் என்று சொல்லிக்கொள்ளாமலே. தாயார் ரெனில்டே 1912-ல் காலமான பிறகுதான் மகன் அவரிடம் வந்து சேர்ந்தான். அப்போது அவனுக்குப் பதினைந்து வயது.

சான் லோரென்சோ

ரோம் நகரம் ஒன்றுபட்ட இத்தாலியின் தலைநகரானதும் எங்கே பார்த்தாலும் கட்டடம் எழும்பியது. 1880-களில் நிலத்தை வாங்கி மாடி வீடு கட்டி விற்றால் கொள்ளை லாபம் என்று பலர் இறங்கினார்கள். பத்தாண்டு முடிவதற்குள் வியாபாரம் சரிந்தது. ரயில் பாதைக்கும் பெரிய கல்லறைத் தோட்டத்துக்கும் இடையில் இருந்த சான் லோரென்சோ பகுதியில் வீடுகள் அரைகுறையாக நின்றன. கதவில்லை, ஜன்னலில்லை, தண்ணீர்க் குழாயில்லை. வசதியுள்ளவர்கள் யார் அங்கே வருவார்கள்? கூலிக்காரர்களும், வேலை தேடி வெளியூரிலிருந்து வந்தவர்களும் புகுந்தார்கள்.

அங்கே நடந்த வாடகை வியாபாரத்தை அம்மையார் விவரித்திருக்கிறார். ஆறேழு அறையுள்ள ஒரு பெரிய ஜாகையை ஒருவன் மொத்தமாக வாடகைக்கு எடுப்பான். அறை அறையாக மற்றவர்களுக்கு விடுவான். அறையை எடுத்தவன் அதன் ஒரு மூலையை இன்னொரு குடும்பத்துக்கு விடுவான். மேலிருந்து கீழே வரவரச் சதுர அடிக்கு வாடகை கூடுமே தவிரக் குறையாது. ஆக ஏழைதான் இடத்துக்கு அதிக விலை கொடுத்தான். பகடி கொடுத்துப் படுக்க இடம் பிடித்த நம்மவர்களுக்கு இந்தக் கணக்கு புரியும்.

முதன்முதலில் அந்தத் தெருக்களில் நடந்தபோது, பேரழிவு ஒன்று நடந்து முடிந்த ஊருக்குள் வந்துவிட்டது போல அவருக்குத் தோன்றியதாம். மரம் இல்லை, செடி இல்லை. ஒரே அறையில் ஆணும் பெண்ணும் குழந்தையும் நோயாளியும். குடும்பம், இல்லம், கூடு என்று கவிஞர்கள் பாடுவதெல்லாம் நாலு சுவரும் கொஞ்சம் தனிமையும் உள்ளவர்களுக்குத்தான் பொருந்தும் என்பது அவருக்கு அங்கே விளங்கியது.

ஒரு கட்டடக் கம்பெனி இந்த வீடுகளில் பலவற்றை வாங்கியது. அதன் தலைவர் எடுவார்டோ தலாமோ என்ற என்ஜினீயர். உள்கட்டுகளை இடித்து வெளிச்சமும் காற்றும் வர வழி செய்தார். பெரிய ஜாகைகளைப் பிரித்து, ஒரு குடும்பத்துக்கு ஓரறை முதல் மூன்றறை வரை சமையலறையோடு சிறு வீடுகளாக்கினார். நல்ல காரியம்தான். ஆனால் ஒரு சிக்கல். காலையில் தாயும் தகப்பனும் வேலைக்குப் போய்விடுவார்கள். பெரிய பிள்ளைகள் பள்ளிக்குப் போவார்கள். பள்ளி வயது வராத குஞ்சு குளுவான்கள் படிக்கட்டிலும் முற்றத்திலும் நாள் முழுவதும் திரிந்தன. புதிதாக வெள்ளையடித்த சுவர்கள் பாழாயின. ரிப்பேர்ச் செலவு ஏறிக்கொண்டே போனது. அந்தச் செலவுக்கு ஆகும் பணத்தில் பிள்ளைகளை ஓர் அறையில் உட்கார வைத்து ஓர் ஆளைப் போட்டால் என்ன என்று தலாமோவுக்கு யோசனை வந்தது. அம்மையாரை அழைத்தார்.

இதை மறைக்க வேண்டியதில்லை. உலகப் புகழ் பெற்ற அந்தப் பள்ளி தர்ம சிந்தனையால் மட்டும் பிறந்ததல்ல. சுவரைக் காப்பாற்றப் பிறந்தது.

மார்சி தெரு 58-ம் எண் கட்டடத்தில் 1907 ஜனவரி 6-ந்தேதி அது தொடங்கியது. பெயர் 'குழந்தைகள் இல்லம்'. கட்டணம் கிடையாது. ஆனால் நிபந்தனை உண்டு. பிள்ளையைக் குளிப்பாட்டிச் சுத்தமான உடையில் அனுப்ப வேண்டும். தாய் வாரம் ஒரு முறை வந்து பேச வேண்டும். பொறுப்பாளர் அதே கட்டடத்தில் குடியிருக்க வேண்டும். முதலில் அமர்த்திய பெண் ஆசிரியைப் பயிற்சி பெற்றவரல்ல. அதுவே நல்லதாயிற்று என்பது அம்மையாரின் கருத்து. பழைய பள்ளிக்கூடப் பழக்கத்தைக் கையோடு கொண்டு வரவில்லை அல்லவா!

முதல் நாள் வந்த பிள்ளைகளின் கோலம் பரிதாபம். சில அழுதன. சில எதையும் பார்க்காமல் வெறித்து நின்றன. ஒருவர் கையிலிருப்பதை ஒருவர் பிடுங்கின. அங்கே அம்மையார் செய்தது பெரிய மந்திரமல்ல. பிள்ளைகளின் உயரத்துக்கு மேஜை, நாற்காலி, முகம் கழுவும் தொட்டி செய்து வைத்தார். மூளை வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்காக முன்பு செய்த மரச்சாமான்களைக் கொண்டு வந்தார். உட்கார்ந்து பார்த்தார். அவ்வளவுதான்.

மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மர உருளைகளை அதனதன் குழியில் பொருத்திக்கொண்டிருந்தாள். முடித்தாள்; கொட்டினாள்; மறுபடி தொடங்கினாள். மற்றப் பிள்ளைகளைச் சுற்றி நின்று பாடச் சொன்னார் அம்மையார். அவள் நிமிரவில்லை. நாற்காலியோடு தூக்கி மேஜைமேல் வைத்தார். உருளைகளை மடியில் அணைத்துக்கொண்டு அங்கேயும் தொடர்ந்தாள். நாற்பது தடவைக்கு மேல் செய்துவிட்டு, தூங்கி எழுந்தவள் போலத் தெளிந்த முகத்தோடு சுற்றிலும் பார்த்தாள். ஒரு வேலையை யாரும் குறுக்கிடாமல் முடிக்கிற அனுபவம் அந்தச் சிறுமிக்கு அவள் வீட்டில் எப்போதாவது கிடைத்திருக்குமா? அங்கே ஒரு நிமிடத்துக்கு ஒருவர் அவளைத் தாண்டிப் போயிருப்பார்கள்.

இன்னொரு நாள் ஆசிரியை அலமாரியைப் பூட்ட மறந்துவிட்டார். வந்து பார்த்தால் பிள்ளைகளே சாமான்களை எடுத்து வேலையில் உட்கார்ந்திருந்தார்கள். திருட்டு என்று அவருக்குக் கோபம். தனக்கு எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கப் பிள்ளைக்குத் தெரிகிறது என்று அம்மையாருக்கு மகிழ்ச்சி. அலமாரி அதன்பின் தாழ்வாயிற்று, திறந்தே இருந்தது. பணக்கார அம்மாள்கள் கொடுத்த பொம்மைகள் அப்படியே கிடந்தன. பரிசுப் பதக்கங்களையும் பிள்ளைகள் மதிக்கவில்லை.

மூக்கைச் சிந்தித் துடைப்பது எப்படி என்று ஒரு நாள் பாடம் நடத்தினார். சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தார். பிள்ளைகள் கைதட்டினார்கள்! மூக்கு ஒழுகுகிறது என்று அவர்களை எல்லோரும் திட்டியிருக்கிறார்கள், கேலி செய்திருக்கிறார்கள். எப்படித் துடைப்பது என்று மரியாதையாக ஒருவரும் சொல்லித் தந்ததில்லை.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது பாய்தான். மாண்டிசோரி முறையில் தரையில் வேலை செய்யும் பிள்ளை தனக்கு ஒரு சிறு பாயை விரித்துக்கொள்ளும். அடுத்தவர் பாயை யாரும் மிதிக்கக் கூடாது, சுற்றித்தான் போக வேண்டும். ஆளுக்கொரு அறை உள்ள வீட்டுப் பிள்ளைக்கு இது சாதாரண ஒழுங்கு. பத்துப் பேர் படுக்கும் அறையிலிருந்து வரும் பிள்ளைக்கு அந்த இரண்டடிப் பாய் உலகத்தில் அதன் முதல் சொந்த இடம். இடம் கிடைத்ததும் பிடுங்கல் நின்றது. அடுத்தவர் இடத்தை மதிக்கவும் அங்கேதான் கற்றார்கள்.

எழுத்தறிவில்லாத தாய்மார்கள் வந்து பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித் தரச் சொன்னார்கள். அம்மையாருக்கு முதலில் தயக்கம். பிறகு உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி ஒட்டி விரலால் தடவச் செய்தார். கிறிஸ்துமஸை ஒட்டி, மொட்டை மாடியில் ஒரு சிறுவன் புகைபோக்கியைச் சுண்ணக்கட்டியால் வரைந்தான். அப்படியே எழுதவும் தொடங்கிவிட்டான். ஒருவனைப் பார்த்து ஒருவன் எழுத, அது தொற்றுப்போலப் பரவியது. வீட்டில் தரையிலும், ரொட்டியின் மேலோட்டிலும்கூடச் சொற்கள்! தாய்மார்கள் தாங்க முடியாமல் காகிதமும் பென்சிலும் வாங்கிக் கொடுத்தார்கள். சுவரைக் கிறுக்கிய அதே கைகள்தாம்.

வீடுகளும் மாறின. ஜன்னல் கண்ணாடிகளைத் துடைத்தார்கள், சன்னலோரம் பூந்தொட்டி வந்தது. நாலு வயதுப் பிள்ளை கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தால் பெற்றவர்கள் என்ன செய்வார்கள்?

இங்கே ஒரு சிறு விலகல். அம்மையார் கண்ணால் பார்த்ததைப் பின்னால் வந்தவர்கள் அளந்தும் பார்த்தார்கள். 1998-ல் அமெரிக்க ஆய்வாளர் கேரி எவன்சும், நம் அண்டையில் உள்ள புனேயின் ஆய்வாளர்களும் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இந்தியாவில் உழைப்பாளர் குடும்பங்களைச் சேர்ந்த 10 முதல் 12 வயதுப் பிள்ளைகளைப் பற்றியது அது. வருமான வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்தபோதும், நெரிசலான வீட்டுப் பிள்ளைகள் பள்ளியில் ஒத்துப்போகச் சிரமப்பட்டார்கள், படிப்பில் பின்தங்கினார்கள். பையன்களுக்கு ரத்த அழுத்தம் கூடியிருந்தது. சிறுமிகள் கடினமான புதிர் கொடுத்தால் சீக்கிரம் கைவிட்டார்கள். முக்கியமான விஷயம், இந்தக் கேட்டின் பெரும்பகுதி பெற்றோருக்கும் பிள்ளைக்கும் ஓயாமல் நடக்கும் உரசல் வழியாகவே வந்தது. அறை சிறிதாக இருந்தால் அதட்டல் கூடுகிறது. அதட்டல் கூடினால் பிள்ளை மாறுகிறது. அப்பாவும் அம்மாவும் கெட்டவர்கள் என்று அதற்கு அர்த்தமில்லை.

புகழும் அலைச்சலும்

1907 ஏப்ரலில் சான் லோரென்சோவில் இரண்டாவது இல்லம். அடுத்த ஆண்டு மிலான் நகரத் தொழிலாளர் குடியிருப்பில் ஒன்று. 1909-ல் அவர் முறையை விளக்கும் நூல் வந்தது. 1913-ல் அமெரிக்கா போனார், கார்னகி மண்டபத்தில் பேசினார். 1915-ல் சான்பிரான்சிஸ்கோ பொருட்காட்சியில் கண்ணாடிச் சுவர் வைத்த வகுப்பறையைக் கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள்.

ஆனால் தலாமோவோடு ஓரிரு ஆண்டுகளிலேயே மனஸ்தாபம். சான் லோரென்சோ அவர் கையை விட்டுப் போயிற்று. முறை பரவப் பரவ அதைத் தாங்கியவர்கள் பெரும்பாலும் வசதியுள்ளவர்கள். சாமான்களின் விலையும் ஏழைப் பள்ளிகளுக்கு எட்டாமல் போனது. மாண்டிசோரி என்ற பலகையை இன்று யார் வேண்டுமானாலும் மாட்டலாம். ஆயிரக்கணக்கில் கட்டணமும் வாங்கலாம். சாலில் பிறந்த பள்ளி பங்களாவுக்குக் குடி போனதை வருத்தத்தோடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்னொரு குறையும் உண்டு. 1924 முதல் முசோலினி அரசின் ஆதரவை ஏற்றார். பள்ளிகள் பெருகினால் சரி என்று எண்ணியிருக்கலாம். சுதந்திரமான பிள்ளைகளை வளர்க்கும் பள்ளியைச் சர்வாதிகாரி எத்தனை நாள் பொறுப்பான்? 1934-ல் இத்தாலியில் அவர் பள்ளிகளை மூடினார்கள். ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சியும் மூடியது. ஸ்பெயினில் பார்சலோனாவில் தங்கியிருந்தார். 1936-ல் உள்நாட்டுப் போர் வந்து அங்கிருந்தும் கிளம்பினார். இங்கிலாந்து வழியாக ஹாலந்து போனார்.

அடையாறும் கொடைக்கானலும்

1939 நவம்பரில், 69-வது வயதில், மகன் மரியோவோடு சென்னைக்கு வந்தார். அடையாறு பிரம்மஞான சபையில் ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும் வரவேற்றார்கள். ஓலைக் கொட்டகைகளில் வகுப்பு. முன்னூறு பேர் வரை வந்து படித்தார்கள். சில மாதம் இருந்துவிட்டுப் போக வந்தவர். 1940 ஜூனில் இத்தாலி போரில் குதித்ததும், எதிரி நாட்டுப் பிரஜை ஆனார். அடையாற்றை விட்டு வெளியே போகக் கூடாது என்று அவருக்குத் தடை. மரியோவை நம் மராட்டிய மாநிலத்து அகமத்நகர் (இப்போது அகில்யாநகர்) முகாமில் அடைத்தார்கள்.

1940 ஆகஸ்டு 31. அம்மையாருக்கு எழுபது வயது. வைஸ்ராயிடமிருந்து தந்தி வந்தது. பிறந்த நாள் பரிசாக அவருடைய மகனை விடுதலை செய்வதாகச் செய்தி. அதுவரை ஊருக்கு மரியோ அவருடைய மருமகன், தத்துப் பிள்ளை என்றெல்லாம்தான் அறிமுகம். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாய்விட்டுச் சொல்லாத உறவை ஓர் அரசாங்கத் தந்தி சொல்லிவிட்டது.

1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் இருந்தார். அங்கே ஒரு சிறு பள்ளி நடத்தி, ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு மலையையும் பூச்சியையும் செடியையும் கொண்டே கற்பிக்கும் வழியை வகுத்தார். அவர் அங்கிருந்த நாளில், 1943 ஜூலை 19-ந்தேதி, நேச நாட்டு விமானங்கள் ரோமாபுரியில் குண்டு போட்டன. அதிகமாக அடிபட்ட இடம் சான் லோரென்சோதான்.

இந்தியாவில் அவர் வருவதற்கு முன்பே அவர் முறையைக் கையாண்டவர்கள் உண்டு. குஜராத்தில் பவநகரில் கிஜுபாய் பதேகா. அவரோடு வேலை பார்த்த தாராபாய் மோடக், மும்பைக்கு வந்தார். விலை கூடிய சாமான்கள் இல்லாமல் இந்த முறையை ஏழைப் பிள்ளைகளுக்குக் கொண்டு போக முடியாதா என்று கவலைப்பட்டவர் அவர். 1945-ல் தாணா மாவட்டத்து போர்டி கிராமத்துக்கும், பின்னர் கோஸ்பாடுக்கும் போய், முற்றத்திலேயே, மரத்தடியிலேயே, விதையும் கூழாங்கல்லும் சாமான்களாக வைத்து ஆதிவாசிப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். சான் லோரென்சோவின் உண்மையான வாரிசு எது என்று கேட்டால், கண்ணாடிக் கதவு போட்ட பள்ளிகளைவிட அந்த முற்றத்தையே நான் காட்டுவேன்.

அம்மையார் 1946-ல் ஐரோப்பா திரும்பினார். மறுபடி இந்தியா வந்து 1949 வரை வகுப்புகள் நடத்தினார். சமாதானத்துக்கான நோபல் பரிசுக்கு மூன்று ஆண்டுகள் அவர் பெயர் போயிற்று, கிடைக்கவில்லை. 1952 மே 6-ந்தேதி ஹாலந்தில் கடற்கரை ஊரான நூர்ட்வைக்கில் இருந்தார். ஆப்பிரிக்காவுக்குப் போய் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரலாமா என்று மகனோடு பேச்சு. 81 வயதில் இந்த அலைச்சல் வேண்டாம் என்பது மரியோவின் எண்ணம். அன்றே மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டு உயிர் பிரிந்தது. எங்கே இறக்கிறேனோ அங்கேயே புதைக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். அப்படியே செய்தார்கள்.

1990-ல் இத்தாலி ஆயிரம் லீரா நோட்டில் அவர் படத்தை அச்சிட்டது. அந்த நாட்டில் புழங்கிய நோட்டுகளில் மிகச் சிறியது அது. ரொட்டியும் காப்பியும் வாங்குகிற நோட்டு, எல்லா வீட்டுப் பிள்ளைகளின் கையிலும் இருந்தது. 2002-ல் யூரோ வந்ததும் அதுவும் புழக்கத்திலிருந்து போய்விட்டது.